ஆறாம் குப்பி

சுடர் லேபில் அந்த மெஷினுக்கு மாப்பிள்ளை என்று பெயர். தனி அறை, தனி ஏசி. பக்கத்தில் நின்று யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. கோபித்துக்கொண்டால் பெங்களூரிலிருந்து ஆள் வந்து சமாதானம் செய்ய வேண்டும். கம்பெனி வைத்த பெயர் வேறு. அது யார் வாயிலும் நுழையவில்லை.

மாப்பிள்ளை ரத்தத்தைப் பரிசோதிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழைய மெஷின்கள் ஒவ்வொருவர் ரத்தத்தையும் மருந்தோடு கலந்து, நிறம் மாறுவதைப் பார்த்து அளவு சொல்லின. மாப்பிள்ளை குழாயை வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்க்கும். ஆளின் வயது, ஊர், பழைய ரிசல்ட்டுகள், விழுங்குகிற மாத்திரைகள் எல்லாம் அதற்குத் தெரியும். அதை வைத்து இந்த ஆளுக்குச் சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று கணித்துவிடும். சந்தேகம் வந்தால் மட்டும் மருந்தைத் தொடும். சந்தேகம் அதற்கு லேசில் வராது. படித்த பிள்ளை.

இதனால் மருந்துச் செலவு பாதாளத்துக்கு இறங்கியது. காப்பீட்டுக் கம்பெனிகள் மகிழ்ந்தன. அரசாங்கமும் ஒப்புக்கொண்டது, ஏனென்றால் மாப்பிள்ளை இதுவரை ஒரு தேர்விலும் தோற்றதில்லை.

லேப்களுக்கும் தேர்வு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னையில் இருக்கும் தரத்தேர்வு மையம் ஒரு ஐஸ் பெட்டி அனுப்பும். அதில் ஐந்து குப்பிகள். உள்ளே பொடியாக உறைந்த ரத்தநீர். காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுக் கரைத்து, அன்றைய நோயாளிகளின் குழாய்களோடு வரிசையில் வைத்து, எந்த வித்தியாசமும் காட்டாமல் சோதிக்க வேண்டும். விடை மையத்துக்குப் போகும். நாடு முழுவதிலுமிருந்து வரும் விடைகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். சராசரிக்குப் பக்கத்தில் இருந்தால் பாஸ். இரண்டு தடவை ஃபெயிலானால் லேபைப் பூட்ட வேண்டியதுதான்.

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில் இருக்கும் இந்த லேபில் தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பு கோகிலவாணி. நாற்பது வயது, ஒரு கிட்னி. இன்னொன்றைப் புருஷன் நல்லசிவத்துக்குக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. நல்லசிவம் மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். மூன்று வருடமும் அந்தக் கிட்னி ஒழுங்காக வேலை செய்தது. இப்போது ஒரு மாதமாக அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சோறு பிடிக்கவில்லை. சிறுநீர் குறைந்துவிட்டது.

"என்ற கிட்னிய என்ன பண்ணி வெச்சிருக்கீங்க" என்றாள் கோகிலவாணி, அவர் கையிலிருந்து பிரஷர் பட்டையைக் கழற்றிக்கொண்டே. நூற்று எழுபது காட்டியது.

"நான் ஒண்ணும் பண்ணலை. அது உன்னாட்டமே இருக்குது. சொன்ன பேச்சு கேக்கறதில்லை."

"ரிசல்ட்டு நல்லாத்தான் வருதுங்க. 1.2."

"அப்பறம் என்ன."

கிட்னி கெட்டால் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். நல்லசிவத்துக்கு ஏறவில்லை. வாராவாரம் 1.2 வந்தது. கோகிலவாணிக்கு அதுதான் உறுத்தியது. ஒரே ரத்தத்தை இரண்டு தடவை அளந்தாலே கொஞ்சம் முன்னே பின்னே வரும். ஒரு மனுஷன் வாராவாரம் கல்லில் வெட்டியது மாதிரி ஒரே எண்ணில் நிற்கிறான் என்றால் அவனை யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம்.

லேபின் முதலாளி டாக்டர் தெய்வசிகாமணி. வயது அறுபத்தைந்து. எதற்கும் வியப்படையாதவர். பேப்பரை மடிக்காமலே அவள் சொன்னதைக் கேட்டார்.

"சார், மாப்பிள்ளை எங்க வீட்டுக்காரரை அளக்கறதே இல்லீங்க."

"யாரைத்தான் அளக்குது."

"தேர்வுக் குப்பிய அளக்குதுங்க. பம்பு சத்தத்தைக் கேட்டுப் பாருங்க. நோயாளிக்கு ஒரே ஒரு தடவ உறிஞ்சுது. தேர்வுக் குப்பி வந்தா மூணு தடவ உறிஞ்சுது. மருந்து குறையுது. நானே பாத்தேனுங்க."

தெய்வசிகாமணி பேப்பரை மடித்தார். "அம்மணி, நீ இங்க சேந்த காலத்துல தேர்வுக் குப்பி வந்தா நாம என்ன பண்ணுவோம்?"

அவள் மாப்பிள்ளையின் அறைப் பக்கம் பார்த்தாள்.

"சொல்லு. சும்மா சொல்லு."

"மெஷினைக் கழுவுவோமுங்க. புது மருந்து ஊத்துவோம்."

"அப்பறம்?"

"மூணு தடவ ஓட்டிப் பாப்போம்."

"அப்பறம் பெருந்துறை லேப்காரனுக்கு போன் போட்டு, 'உனக்கு என்னய்யா வந்துச்சு'ன்னு கேப்போம். எதுவுமே பண்ணக் கூடாதுன்னு சட்டம். எல்லாத்தையும் பண்ணுனோம். வரிசையில நிக்கற நோயாளி ரத்தத்தை ஒரு நாளாவது அப்பிடிப் பாத்திருப்பமா?"

"இல்லீங்க."

"அந்தக் கூத்தெல்லாம் கம்ப்யூட்டர்ல பதிவாயிட்டே இருந்துச்சு. நம்மளாட்டம் ஆயிரம் லேப்பு பதிவைப் படிச்சுத்தான் இவன் தொழில் கத்துக்கிட்டான். என்ன கத்துக்கிட்டான்? குப்பி வந்தா அளக்கோணும். மனுசன் வந்தா குத்துமதிப்பாச் சொன்னாப் போதும். நாம என்ன நெனச்சமோ அதைத்தான் அவன் பண்றான். நாம வெக்கப்பட்டு மறைச்சுப் பண்ணுனோம். அவனுக்கு வெக்கம் சொல்லிக் குடுக்கலை."

"குப்பின்னு எப்படிங்க கண்டுபுடிக்குது?"

"கெடாம இருக்கறதுக்குப் பதனமருந்து போட்டிருக்குது. உறைய வெச்சுக் கரைச்சதுல ஒரு கலங்கல் இருக்குது. பழைய ரிசல்ட்டு கிடையாது. அனாதையா வர்ற ரத்தம் அது ஒண்ணுதான்."

"கம்பெனிக்குச் சொல்லலாமுங்களா?"

"போன வருசமே சொன்னேன். தேர்வுல ஃபெயிலான ரிப்போர்ட் இருந்தா அனுப்புங்க, பரிசீலிக்கறோம்னான்."

"கையில செஞ்சு பாக்கறதுக்கு..."

"மருந்து விக்கறவன் ஒருத்தன் சொல்லு, நான் வாங்கித் தர்றேன்."

அப்படி ஒருவரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். மருந்தெல்லாம் இப்போது மாப்பிள்ளைக்கு மட்டும் பொருந்துகிற பெட்டிகளில் பூட்டி வருகிறது. ஊரில் இருக்கிற எல்லா லேபிலும், கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிகளிலும், இதே மாப்பிள்ளையின் அண்ணன் தம்பிகள்தான்.

தெய்வசிகாமணி மறுபடி பேப்பரை விரித்தார். "வியாழக்கிழமை ஐஸ் பெட்டி வருது. அன்னைக்கு நான் டீக்குடிக்க வெளிய போயிருவேன்."

"நீங்க டீயே குடிக்கறதில்லீங்களே."

"வியாழக்கிழமை குடிப்பேன்."

அன்று மாலை அவள் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது எங்க மண்டியில நடக்கறதுதான். ஏலத்துக்கு வெக்கற சாம்பிள்ல நல்ல விரலி மஞ்சளாப் பொறுக்கித் தேச்சு மேல வெப்பாங்க. மூட்டைக்குள்ள என்ன இருக்குதுன்னு வாங்கறவனுக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்குங்க வாங்கறான்?"

"அவனும் அப்பிடித்தான விக்கப் போறான்." நல்லசிவம் கையை நீட்டினார். "நான் இத்தனை நாளா மூட்டை. இப்ப என்னைய சாம்பிள் ஆக்கப் போற. எடு ரத்தத்தை."

ரத்தநீரைப் பிரித்து லேபின் ஃப்ரீசரில் வைத்தாள். உறைந்து கரைந்தால்தான் அந்தக் கலங்கல் வரும்.

வியாழக்கிழமை ஐந்து குப்பிகளும் வந்தன. எதைக் கொட்டுவது என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. ஒன்றாம் நம்பர் எல்லோர் கண்ணிலும் படும். கடைசி நம்பர் ஞாபகத்தில் நிற்கும். இரண்டும் நான்கும் அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மூன்றாம் நம்பர்தான் யாரும் கவனிக்காதது. அதைக் கரைத்து, சிங்க்கில் கொட்டி, குப்பியைக் கழுவாமல் அதில் புருஷனின் ரத்தநீரை ஊற்றினாள். சுவரில் ஒட்டியிருந்த பதனமருந்து போதும்.

வெளியே வெறும் வயிற்றோடு வந்தவர்கள் டோக்கன் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை அவர்களை ஆளுக்கு ஒரு உறிஞ்சலில் முடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் குப்பி ஊசிக்கு அடியில் வந்தது. பம்பு நின்றது. எதையோ யோசிப்பதுபோல் ஒரு விநாடி. பிறகு உறிஞ்சியது. மருந்துப் பெட்டி திறந்து மூடியது. மறுபடி உறிஞ்சியது. மறுபடி.

3.4.

கோகிலவாணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். திரையின் மூலையில் 'விடை அனுப்பப்பட்டது' என்று ஒரு பச்சைக் கோடு ஓடியது. விடையை யாரும் கை வைத்துத் திருத்தக் கூடாது என்பதற்காக அது நேராகச் சென்னைக்குப் போய்விடும். அதுவும் பழைய கூத்துகளால் வந்த ஏற்பாடு.

கோயம்புத்தூரில் நல்லசிவத்தின் கிட்னி டாக்டர் ரோஷினி அந்த 3.4ஐ நம்பவில்லை. "எங்க மெஷின் 1.2 சொல்லுதே. உங்க லேப்ல கைமாறிப் போயிருக்கும்."

"உங்க மெஷினும் எங்க மெஷினும் ஒரே கம்பெனிங்க, டாக்டர். அது அவரைப் பாத்து சொல்லலை. அவராட்டம் இருக்கறவங்களைப் பாத்து சொல்லுது. நீங்க ஊசி போட்டுப் பாருங்க."

கிட்னிக்குள் நீளமான ஊசியைச் செலுத்தி, நூல் அளவு சதையை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். அதை இன்னும் மனுஷக் கண்தான் பார்க்கிறது. நல்லசிவத்தின் உடம்பு மனைவியின் கிட்னியைத் தின்றுகொண்டிருந்தது. ஊசி குத்திய இடத்தில் ரத்தக்கசிவு ஆகி, அதை நிறுத்துவதற்குள் ரோஷினிக்கு வேர்த்துவிட்டது. சிகிச்சை ஆரம்பித்தார்கள்.

"கடவுள் புண்ணியத்துல பிடிச்சுட்டோம்" என்றார் ரோஷினி, அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது. "ஆனா இன்னொரு தடவை குத்தினா கிட்னியே போயிடலாம். மூணு மாசம் மருந்து போனதும் ரத்தத்தை வச்சுத்தான் பார்க்கணும். அளவு குறைஞ்சிருந்தா இதே மருந்தைத் தொடரலாம். குறையலைன்னா பெரிய மருந்துக்குப் போகணும். அது உடம்புல இருக்கற எதிர்ப்புச் சக்தியை மொத்தமாத் துடைச்சிடும். சாதாரண காய்ச்சல்ல கூட ஆள் போயிடலாம். தேவை இல்லாம அதைக் கொடுக்க மாட்டேன். ரத்தத்தை உங்க லேப்லயே பாருங்க. ஊர்ல உங்க லேப் ஒண்ணுதான் சரியாச் சொல்லுது."

தங்கள் லேபைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தையை கோகிலவாணி இதுவரை கேட்டதில்லை. அடுத்த ஐஸ் பெட்டி வர இன்னும் காலம் இருந்தது. அதுவரை மாப்பிள்ளை வாராவாரம் 1.2 என்றது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்ததை எல்லாம் அது கேள்விப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தேர்வு முடிவு வருகிற சமயத்தில் தரத்தேர்வு மையத்திலிருந்து போன் வரவில்லை. ஆளே வந்தார். பாக்யநாதன் என்று பெயர். ஒல்லியாக, முழுக்கைச் சட்டையோடு, அழுத்திப் பேசாத மனுஷர். தெய்வசிகாமணி அவரை உட்காரவைத்து, கோகிலவாணியைக் கூப்பிட்டார். லேபைப் பூட்டச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று இருவரும் தீர்மானித்திருந்தார்கள்.

"வாழ்த்துகள்" என்றார் பாக்யநாதன். "அஞ்சும் பாஸ்."

"மூணாம் நம்பர்?" என்றாள் கோகிலவாணி.

"நீங்க அனுப்பிச்சது 3.4. சராசரி 2.9. வரம்புக்குள்ளதான் இருக்கு."

"அந்தக் குப்பியில நெசமா எவ்வளவுங்க இருந்துச்சு?" என்றார் தெய்வசிகாமணி.

பாக்யநாதன் கதவைப் பார்த்தார். கோகிலவாணி எழுந்து போய் அதைச் சாத்தினாள்.

"தயாரிச்ச கம்பெனி சொன்னது 0.9. நல்ல ஆரோக்கியமான கிட்னி." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், உங்க வீட்ல யாருக்கு?"

"வீட்டுக்காரருக்குங்க."

"ம். போன சுற்றுல நாடு முழுக்க கிட்டத்தட்ட எல்லா லேப்லயும் மூணாம் நம்பர்லதான் கை வச்சிருக்காங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் பேசிக்கலை. விசாரிச்சோம். எல்லாரும் சொல்ற காரணம் ஒண்ணுதான். ஒண்ணாம் நம்பர் கண்ணுல படும், கடைசி நம்பர் ஞாபகத்துல நிக்கும்."

தெய்வசிகாமணி சிரித்தார். அவர் சிரித்து கோகிலவாணி பார்த்ததில்லை. "அப்ப அந்த 2.9?"

"இந்தியாவுல லேப்ல வேலை பாக்கறவங்க வீட்டு நோயாளிகளோட சராசரி. கிட்னி, கல்லீரல், சர்க்கரை எல்லாத்துக்கும் இருக்கு. அறிவியலுக்கு ரொம்ப உபயோகமான தகவல்னு டைரக்டர் சொல்றார்."

"யாருமே நெசமாச் செய்யலியாங்க?" என்றாள் கோகிலவாணி.

"சில லேப்ல செஞ்சாங்க. 0.9ன்னு அனுப்பினாங்க. ஃபெயில். நோட்டீஸ் போயிருக்கு."

"அவங்கதானுங்க சரி."

"சரிதான். ஆனா ஃபார்முலா சராசரியை வச்சுத்தான் இருக்கு. மாத்தணும்னா பார்லிமெண்ட் வரைக்கும் போகணும்." பாக்யநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வழக்கம்போல அந்தச் சராசரிகளைச் சரியான விடைன்னு எல்லா மெஷின்களுக்கும் அனுப்பிட்டோம். அதுங்களும் படிச்சுத் திருத்திக்கும். உங்க சங்கடம் எங்களுக்குப் புரியாம இல்ல. குழுவுல பேசி ஒரு முடிவு எடுத்திருக்கோம். அடுத்த சுற்றுலேர்ந்து ஆறு குப்பி வரும்."

"ஆறாவதுல என்ன?"

"ஒண்ணுமே இருக்காது. காலிக் குப்பி. லேசா பதனமருந்து மட்டும் தடவியிருப்போம். அதை எப்படிப் பயன்படுத்தறதுங்கறது லேபோட விருப்பம். மிச்ச அஞ்சையும் மட்டும் தயவுபண்ணி விட்டுடுங்க."

அவர் கிளம்பும்போது கோகிலவாணி வாசல் வரை போனாள். "சார், உங்க வீட்லயும் யாருக்காவது?"

"அம்மாவுக்கு. அதுவும் கிட்னிதான்" என்றார். "நான் ஆபீஸ்ல இருக்கேன். என்கிட்ட குப்பி இருக்குமே தவிர மெஷின் கிடையாது. தாம்பரத்துல ஒரு லேப்ல சொல்லி வச்சிருக்கேன்."

ஆறாவது குப்பி வருகிறது என்ற செய்தி லேபுக்குள் ரகசியமாக இருந்தது. அதாவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரிசப்ஷனில் இருக்கும் பானுமதி தன் அம்மாவின் தைராய்டைப் பற்றி யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தாள். ரத்தம் எடுக்கிற டெல்லி பாபு தன் மாமனாரை இரண்டு நாள் தொடர்ந்து லேபுக்குக் கூட்டிவந்து எல்லோர் கண்ணிலும் படும்படி உட்காரவைத்தான். வார்டு கவுன்சிலரின் ஆள் ஒருவர் சும்மா வந்து, ஏசி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐஸ் பெட்டி வந்த காலையில் தெய்வசிகாமணி எல்லோரையும் கூப்பிட்டார். ஆறாம் குப்பியை மேஜையில் வைத்தார். கட்டைவிரல் உயரம். மூடி ஆரஞ்சு நிறம்.

"கோகிலாக்காவுக்குப் போன தடவையே ஆயிருச்சுங்க, சார்" என்றாள் பானுமதி. "எங்கம்மா ஒருக்கா கூட அளந்து பாத்துக்கலை. வருசக்கணக்கா மாத்திரை தின்னுட்டிருக்குது. சரியா தப்பான்னு யாருக்குத் தெரியும்."

"எங்க மாமனாருக்குக் கல்லீரலுங்க" என்றான் டெல்லி பாபு. "நீங்களே ஆளைப் பாத்தீங்கல்ல. மஞ்ச மஞ்சேல்னு இருக்காரு. மாப்பிள்ளை நார்மலுங்கறான்."

"மண்டியில வேலை செய்யறவரு எங்க வீட்டுக்காரரு. அவரே இவ்வளவு மஞ்சளா இல்லை" என்றாள் கோகிலவாணி.

யாரும் சிரிக்கவில்லை.

"கோகிலவாணிக்குத்தான்" என்றார் தெய்வசிகாமணி. "இதுல பாவ புண்ணியம் பாக்கலை. ஆறாவதுக்கும் மார்க் உண்டுன்னு நேத்து சொல்லிட்டாங்க. இவ புருசன் போன தடவை பாஸ் பண்ணிக் குடுத்தாரு. உங்கம்மாவையும் உங்க மாமனாரையும் நம்பி நான் லேபைப் பூட்ட முடியாது."

பானுமதி வெளியே போய் டோக்கன் கூப்பிட ஆரம்பித்தாள். அன்று முழுவதும் கோகிலவாணியிடம் அவள் பேசவில்லை. டெல்லி பாபு பேசினான். "பரவால்லக்கா" என்றான். அது இன்னும் மோசமாக இருந்தது. அவன் மாமனார் வாசலில் முந்நூறு பேரோடு உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கெல்லாம் இந்தக் குப்பியைப் பற்றித் தெரியாது. தெரியாததால் நிம்மதியாக வரிசையில் இருந்தார்கள்.

கோகிலவாணி புருஷனின் ரத்தநீரை ஆரஞ்சு மூடிக் குப்பியில் ஊற்றி, கடைசி இடத்தில் வைத்தாள். முதல் ஐந்து குப்பிகளையும் மாப்பிள்ளை மும்மூன்று தடவை உறிஞ்சியது. ஆறாவது வந்தது. ஊசி இறங்கியது.

ஒரே ஒரு உறிஞ்சல். ஊசி ஏறிக்கொண்டது.

2.9.

மருந்துப் பெட்டி திறக்கவே இல்லை. அவள் திரையைப் பார்த்தபடி நின்றாள். சராசரியை அது படித்திருந்தது. ஆறாவது இடத்தில் வருவது தேர்வு இல்லை என்பதும், மையம் விடைகளோடு அனுப்பிய குறிப்பிலிருந்து அதற்குத் தெரிந்திருந்தது. யாரோ ஒரு லேப்காரர் வீட்டு நோயாளி. அப்படிப்பட்ட ஆளுக்கு எவ்வளவு இருக்கும்? விடைதான் கையில் இருக்கிறதே. சந்தேகம் எதற்கு.

மாடிப்படியில் நின்று பாக்யநாதனுக்கு போன் செய்தாள்.

"மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் அவர். குரலில் ஒன்றும் இல்லை. "ஆறாம் குப்பிக்கு இதுவரை வந்த எல்லா லேப் விடையும் ஒண்ணுதான். காஷ்மீர்லேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் 2.9. இப்படி ஒரு ஒற்றுமை தரத்தேர்வு வரலாற்றுலயே இல்லையாம். டைரக்டர் ஸ்வீட் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார்."

"உங்கம்மாவுக்கு?"

"தாம்பரத்துலயும் நேத்து 2.9தான் வந்தது. டாக்டர் அதைப் பாத்துட்டு மருந்தை மாத்திட்டார். காலைல ஒரு டோஸ் ஏத்தியாச்சு."

"நிறுத்தச் சொல்லுங்க, சார்."

"என்ன காரணம் சொல்றது. ரிசல்ட்டு தப்புன்னா? அதுக்கு நூத்துக்கு நூறு மார்க் போட்டது நான்தானே."

அவர் வைத்த பிறகு டாக்டர் ரோஷினியின் மெசேஜ் வந்திருந்தது. ரிசல்ட் வந்துவிட்டதா, அதைப் பார்த்துத்தான் பெரிய மருந்தைப் பற்றி முடிவு செய்ய வேண்டும் என்று. கோகிலவாணி 2.9 என்று தட்டினாள். அனுப்பவில்லை. அழித்தாள். 1.2 என்று தட்டிப் பார்த்தாள். அதுவும் மாப்பிள்ளை சொன்னதுதான். அதையும் அழித்தாள். பிறகு போன் செய்து, மறுபடி கிட்னியில் ஊசி போட்டுப் பார்க்கச் சொன்னாள். ரோஷினி நெடுநேரம் மறுத்தார். கையெழுத்துப் போட ஆள் வேண்டும், ரத்தம் தயாராக வைக்க வேண்டும், பொறுப்பு யார் என்றெல்லாம் கேட்டார். கடைசியில் சாயங்காலமே வரச் சொன்னார்.

அவள் வீட்டுக்குப் போனபோது நல்லசிவம் மண்டியிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டில் சோறு, ரசம். பசி வந்திருந்தது. சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அவர் மதியம் வரை மூட்டை தூக்கிப் போட்டவர்களோடு பேசிக்கொண்டிருந்தாலும் பசிக்கும்.

"என்ன சொல்லுது மாப்பிள்ளை?"

"லேப்காரி புருசன்னா இவ்வளவு இருக்கும்னு சொல்லுதுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "அளக்கலையா."

"இல்லீங்க."

"அப்ப நல்லா இருக்குதா, கெட்டிருக்குதா?"

"தெரியலைங்க. பெரிய மருந்து குடுத்தா, நல்லா இருக்கற பட்சத்துல நீங்க செத்துருவீங்க. குடுக்கலைன்னா, கெட்டிருக்கற பட்சத்துல கிட்னி செத்துரும். ரோஷினி டாக்டரைக் கேட்டேன். ஊசி போட்டுப் பாக்கறேன்னுட்டாங்க."

"குத்துனா ரத்தம் நிக்காதுன்னுச்சே அந்தம்மா."

"நிக்காமயும் போலாமுங்க."

"உன்ற கிட்னி. நீ என்ன சொல்ற?"

"குத்தட்டுங்க. மைக்ராஸ்கோப்புல ஒரு பொம்பளை கண்ணை வெச்சுப் பாக்கட்டும். போனாலும் பாத்துட்டுப் போகட்டும்."

நல்லசிவம் தட்டைப் பார்த்தார். ரசத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"இதைத் தின்னுட்டுப் போலாமா?"

"வேண்டாங்க. வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க."

"செரி" என்றார். தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு, சட்டையை எடுக்கப் போனார்.